நெய்யில்லாத தாளிப்பு

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு காற்றுக் கிணறு இறங்குகிறது. எல்லா அடுக்களை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். வாசனை, சண்டை, பாத்திரம் விழும் சத்தம் எல்லாம் அதன் வழியாக வந்து சேர்ந்துவிடும். என் ஜன்னலுக்கு நேர் எதிர் ஜன்னல் இன்ஷிராவுடையது. ஷுப்ராப் பேட்டையின் இந்தச் சந்துக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்க்காமல் எனக்கு விடிந்ததில்லை. ஆகவே அவள் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இருந்தால் வரட்டும், ஒரு கை பார்க்கிறேன்.

இன்ஷிரா குள்ளமான பெண். ஆனால் அவள் முலுகியா சமைத்தால் ஐந்தாம் மாடிவரை தெரியும். முலுகியாக் கீரையை வழவழவென்று நறுக்கி, கோழிச் சாற்றில் விட்டு, பூண்டையும் கொத்தமல்லி விதையையும் நெய்யில் சிவக்க வறுத்து அதன் தலையில் கொட்டுவோம். கொட்டுகிற அந்தக் கணத்தில், கொட்டுகிறவள் மூச்சை உள்ளே இழுத்துத் திடுக்கிட வேண்டும். பாம்பைப் பார்த்தவள் போல, "ஹா!" என்று. திடுக்கிடாத முலுகியா முலுகியாவே இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். என் மாமியார் திடுக்கிட்டாள், நான் திடுக்கிடுகிறேன், அவ்வளவுதான். எல்லோரும் திடுக்கிடுவோம் என்றாலும் இன்ஷிரா திடுக்கிட்டால் சந்தில் போகிறவன் நின்று மேலே பார்ப்பான்.

அவள் புருஷன் ஷஹாத்தா, கைத்தொழில் தேர்ந்தவர் என்பதால் மரியாதையாக 'உஸ்தா' என்போம். கட்டடத்தின் கீழேயே முடிதிருத்தும் கடை. மனிதர் தங்கம். வாய்தான் கொஞ்சம் நீளம், வயிறு அதைவிட நீளம். தேநீரில் சர்க்கரை கரையாமல் அடியில் நிற்க வேண்டும் அவருக்கு. நெய் இல்லாமல் ஒரு பருக்கை உள்ளே இறங்காது. கத்தரிக்காய்க்குள் அரிசி அடைத்த மஹ்ஷியைச் சட்டியோடு முடித்துவிட்டு, "கொஞ்சம் பசியா இருக்கே" என்பார். ஆனால் கையில் சவரக் கத்தி வந்துவிட்டால் அந்த உடம்பா இது என்றிருக்கும். மாப்பிள்ளைச் சவரம் என்றால் ஷஹாத்தாதான். கல்யாணத்தன்று கடை வாசலில் மேளம் அடிக்க, பெண்கள் குலவையிட, மாப்பிள்ளையை உட்காரவைத்து அவர் மழிக்கிற அழகுக்கு வேறு பேட்டைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். என் மகன்கள் இருவருக்கும் அவர்தான் செய்தார்.

அவருக்கு ஒரே மகன், ஹிலால். கோடை முடிந்ததும் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. "ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் பண்ணிட்டேன். என் மகனுக்கு என் கையால பண்ணிட்டா, அப்புறம் கத்தியைக் கழுவி வச்சிடலாம்" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

அந்த நேரம் பார்த்து அவர் கண் இரண்டிலும் பால் படிந்தது போல மறைக்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை, கிழவர். தெரியவந்தது எப்படியென்றால், என் புருஷன் ஃபர்காலியின் காதுமடலைக் கீறிவிட்டார். துணியால் காதைப் பொத்திக்கொண்டு ஃபர்காலி மாடியேறி வந்ததைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! நேராகக் கீழே இறங்கினேன்.

"உஸ்தா, முடி வெட்டச் சொன்னா காதை வெட்டுவீங்களா? என் புருஷனுக்கு இருக்கிறதே ரெண்டு காது!"

அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்படியே மாடியேறி வந்துவிட்டேன்.

கண் மருத்துவர் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சை செய்தால் பளிச்சென்று தெரியும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்று கையை விரித்துவிட்டார். சர்க்கரை அந்த அளவுக்கு ஏறியிருந்தது. உடம்பும் குறைய வேண்டுமாம். ஷஹாத்தா வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினார். காற்றுக் கிணறு முழுக்கக் கேட்டது.

"வேகவச்ச கோஸும் வெள்ளரிக்காயுமா? அதைத் தின்ன நான் என்ன கழுதையா? நெய்யைத் தொடக் கூடாதாம், நெய்யை! அந்த டாக்டரோட அப்பன் நெய் தின்னாமலா அவனைப் பெத்தான்?"

"கண்ணு போயிடும்னு சொல்றாங்க, அபூ ஹிலால்" என்றாள் இன்ஷிரா. ஹிலாலின் அப்பா என்றுதான் புருஷனை அழைப்பாள்.

"போனா போகட்டும். பசியோட பார்க்கிறதைவிட நிறைஞ்ச வயித்தோட தடவித் திரியறேன்."

சொல்லிவிட்டார். ஆனால் அன்று அவர் தூங்கிய பிறகு, எண்ணெய் வாங்கும் சாக்கில் என் வீட்டுக்கு வந்த இன்ஷிரா வாய்விட்டு அழுதாள். "பெரிய ரோட்டு சலூனுக்குப் போய் ஹிலால் உக்காந்தான்னா, இந்த மனுஷன் உயிரோட இருக்க மாட்டார், உம்மு ஸப்ரி. கல்யாணத்துக்கு வரவே மாட்டார்" என்றாள். என் மூத்தவன் பெயர் ஸப்ரி. அவனைப் பெற்றதிலிருந்து என் சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு சர்க்கரை நோய்க்குப் பார்க்கிற பெண் மருத்துவரிடம் போனேன். அந்தப் பெண்ணுக்கு என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். கெட்டிக்காரி. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நிறுத்தச் சொன்னா எந்த ஆம்பளையும் நிறுத்த மாட்டான், சித்தி. பிடிச்சதை நிறுத்தாதீங்க, மாத்துங்க. அதே சாப்பாடு, அதே பேரு. உள்ளே இருக்கிறதை மட்டும் மாத்துங்க" என்றாள்.

இன்ஷிரா திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எதையோ திட்டமிடுகிறாள் என்று அர்த்தம்.

முதல் வேலையாக நெய் டின்னைக் காலி செய்தாள். நெய் முழுவதையும் என் சட்டியில் ஊற்றினாள், டின்னைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். மங்கின கண்ணுக்கு டின்னின் மஞ்சள் நிறம் தெரிந்தால் போதாதா! பிறகு ஒவ்வொன்றாக மாற்றினாள். எல்லாம் உடனே பலித்தது என்று நினைக்காதீர்கள். மஹ்ஷிக்குள் அரிசிக்குப் பதில் துருவின பூக்கோசை அடைத்த அன்று அந்த வீட்டில் நடந்ததை நான் சொல்லக் கூடாது. ஷஹாத்தாவின் வயிறு செய்த சத்தம் காற்றுக் கிணற்றில் எதிரொலித்தது. கடையில் மழிக்க உட்கார்ந்திருந்த ஆள் பாதிச் சோப்போடு எழுந்து வாசலுக்கு ஓடினான். அதன்பின் அவள் புத்திசாலியாகிவிட்டாள். பாதி அரிசி, பாதி பொடியாக நறுக்கின கீரையும் தக்காளியும், மேலே சீரகம் கொஞ்சம் தாராளமாக.

எண்ணெயில் பொரிக்கிற தஅமிய்யா வடையை அடுப்புப் பெட்டியில் சுட்டாள். எள்ளைத் தூவி, ஒவ்வொன்றின் தலையிலும் விரல் நுனியால் ஒரு பொட்டு எண்ணெய்.

"எதுக்குடி அந்த ஒரு பொட்டு?" என்றேன்.

"உதடு மினுங்கணுமில்ல? கையில பிசுபிசுப்பு இருக்கணும். இல்லேன்னா மனுஷன் சந்தேகப்படுவார்."

பாலும் மாவும் வெண்ணெயும் ஊற்றிச் சுடுகிற மக்ரோனாவில் பாதி அடுக்கைச் சுரைக்காய்த் துண்டாக்கினாள். வெண்ணெயை எடுத்துவிட்டுத் தயிரைச் சேர்த்தாள். குனாஃபா இனிப்புக்குப் பாகைத் தண்ணீராகக் காய்ச்சி, பட்டையையும் ஆரஞ்சுப் பூநீரையும் விட்டு, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் வைப்பாள். வாசனை முன்னால் போய் அவரை மயக்கிவிடும். காப்பிக்கடை ஷவ்கியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் தேநீரில் சர்க்கரையை நாளுக்கு நாள் இம்மி இம்மியாகக் குறைத்தான். ஆனால் கரண்டியால் கிளறும்போது கிண்கிணியென்று முன்னைவிட நீளமாகக் கிளறுவான். சந்து மொத்தமும் கூட்டுச் சதிதான். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் செய்யாதவர்கள் எங்கள் சந்தில் யாரும் இல்லை.

முலுகியாவில்தான் மாட்டிக்கொண்டாள்.

தோலுரித்த கோழியின் சாற்றில் கீரை அருமையாக வந்தது. பூண்டையும் கொத்தமல்லியையும் வெறும் சட்டியில் பக்குவமாக வறுத்திருந்தாள். ஆனால் கொட்டினால் நெய்யில்லாத தாளிப்பு சத்தமே போடவில்லை. 'சொத்' என்று விழுந்தது. அவளுக்குத் திடுக்கிடவும் வரவில்லை. என்னவோ விக்கல் எடுத்தது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. கூடத்திலிருந்து ஷஹாத்தா, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார். இரண்டு கவளம் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "இது ஆஸ்பத்திரி முலுகியா. என்னைக் கேக்காம என் வீட்டுல என்னவோ நடக்குது."

இன்ஷிரா தட்டோடு அடுக்களைக்குள் புகுந்துகொண்டாள். ஒன்றில் சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பார். பிறகு கண்ணும் இல்லை, கல்யாணமும் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி முலுகியா. என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் ஒரு சின்ன இரும்புச் சட்டியைப் புகை வரும்வரை காய்ச்சினாள். இடது கையில் வறுத்த பூண்டு, வலது கையில் ஒரு கரண்டி தண்ணீர். பூண்டு பானைக்குள், தண்ணீர் காய்ந்த சட்டிக்குள், இரண்டும் ஒரே நேரத்தில். 'சொய்ங்ங்' என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள்! கூடவே இன்ஷிரா திடுக்கிட்டாள். அடேயப்பா! அவள் வாழ்நாளில் திடுக்கிட்டதெல்லாம் ஒன்றுமில்லை. விஷயம் தெரிந்த எனக்கே கையிலிருந்த தட்டு நழுவியது. ஐந்தாம் மாடியில் யாரோ "யார் செத்தது?" என்று கத்தினார்கள்.

கூடத்திலிருந்து ஷஹாத்தாவின் குரல் வந்தது. "அல்லாஹ்! கேட்டியா, இதுதான்டி தாளிப்பு! கொண்டா, கொண்டா!"

பானையைத் துடைத்துத் தின்றார். "நெய் கொஞ்சம் தூக்கலா இருக்கு, ஆனா பரவாயில்லை" என்று வேறு சொன்னார். ஜன்னலில் நின்று நானும் இன்ஷிராவும் வாயில் தலைத்துணியை அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

கோடை ஏற ஏற அவர் வயிறு இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவது போய், பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். சர்க்கரையும் இறங்கிக்கொண்டே வந்தது. நல்ல விஷயம்தானே என்கிறீர்களா? அங்கேதான் வினை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் உட்காருகிறவனுக்கெல்லாம் சோப்புப் போட்டபடியே உபதேசம்.

"டாக்டர் சொல்றதெல்லாம் பொய். என்னைப் பாரு! நெய்யை விட்டேனா? மஹ்ஷியை விட்டேனா? குனாஃபா வேற. சர்க்கரை தானா இறங்குது. நெய் சாப்பிடு, நல்லா சாப்பிடு, ஒண்ணும் ஆகாது!"

சந்தில் பாதி ஆண்களுக்குச் சர்க்கரை. அதில் என் ஃபர்காலியும் சேர்த்தி, வாயில் எதுவும் நிற்காது என்று அவரிடம் மட்டும் நாங்கள் சதியைச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்தார், "ரெண்டு கரண்டி நெய் ஊத்து. உஸ்தா சொல்லிட்டார்" என்றார். ஊற்றினேன். வீட்டில்தான் இன்ஷிராவின் நெய் நிரம்பிக் கிடக்கிறதே! மாதக் கடைசியில் சோதித்துப் பார்த்தால் ஃபர்காலியின் சர்க்கரை எகிறிக் குதித்திருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஜன்னலைப் படாரென்று திறந்தேன்.

"இன்ஷிரா! உன் புருஷன் கண்ணைக் காப்பாத்த என் புருஷனைக் கொல்லப் போறியா? இப்பவே கீழ போய் எல்லாத்தையும் போட்டு உடைக்கிறேன்!"

"உடை. நல்லா உடை. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு, அதைக் கெடு. ஆனா உன் புருஷன் வாயில நெய் ஊத்தினது யார் கை? நெய்ச்சட்டி யார் வீட்டுல இருக்கு?"

என்னத்தைச் சொல்ல! ஜன்னலைச் சாத்தினேன். அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் மிச்ச நெய்யைச் சோப்புக் காய்ச்சுகிறவளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் ஓர் இரும்புச் சட்டியைக் காய்ச்சினேன். அன்றிலிருந்து காற்றுக் கிணற்றில் இரண்டு சொய்ங், இரண்டு திடுக்கிடல். ஃபர்காலிக்குப் பரம சந்தோஷம்.

ஷஹாத்தாவுக்கு ஒரு கண்ணும், சில நாள் கழித்து மறு கண்ணும் நல்லபடியாக முடிந்தன. வெங்காயக் காரம் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லி இன்ஷிரா அவரை அடுக்களைப் பக்கமே விடவில்லை. கட்டு அவிழ்த்தபின் மனிதர் ஒரு குழந்தையாகிவிட்டார். ஜன்னலில் நின்று எதிர்க் கட்டடத்துப் புறாக்களுக்கு என்னென்ன நிறம் என்று சொல்வார். என்னைப் பார்த்து, "உம்மு ஸப்ரி, உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா?" என்றார். கண் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதுதானா?

கல்யாணத்துக்கு நெருக்கத்தில் ஒரு நாள் நான் எலுமிச்சம்பழம் கொடுக்க இன்ஷிராவின் அடுக்களைக்குப் போயிருந்தேன். அவர் கடைக்குப் போய்விட்டார் என்று நினைத்து அவள் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். சட்டி புகைந்தது. இடது கை, வலது கை, 'சொய்ங்', "ஹா!" திரும்பினால் வாசலில் ஷஹாத்தா.

கரண்டியைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த சட்டியைப் பார்த்தார். அலமாரியில் நெய் டின்னை எடுத்துக் கவிழ்த்தார். காலி. உள்ளே சிலந்தி வலை.

"எத்தனை நாளா?" என்றார்.

"நாலு மாசமா" என்றாள் இன்ஷிரா.

"எனக்கே காது குத்தியிருக்கே. உம்மு ஸப்ரி, உனக்கும் தெரியுமா?"

என் நாக்கைப் பொசுக்க! "சந்துக்கே தெரியும், உஸ்தா" என்றேன்.

அவர் முகம் கறுத்துப்போனது. "சந்துக்கே தெரியுமா? நான் நெய்யைப் பத்தி வாய் கிழியப் பேசினப்போ அத்தனை பேரும் உள்ளுக்குள்ள சிரிச்சாங்களா? இனி எந்த மூஞ்சியோட மேளத்துக்கு நடுவுல நிப்பேன்? ஹிலாலை வேற எங்கயாவது போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார். கடையின் இரும்புக் கதவு பாதிவரை இறங்கிய சத்தம் எங்கள் மூன்றாம் மாடிவரை கேட்டது.

இன்ஷிரா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எதுக்காக இவ்வளவும் பண்ணினேனோ, அதையே என் கையால கெடுத்துட்டேனே" என்றாள். அவள் அழவில்லை. நான் என் வாயைத் திட்டிக்கொண்டே முலுகியாவைக் கிண்ணத்தில் ஊற்றினேன், ரொட்டியை மேலே வைத்தேன். "எழுந்திரு. கூடையை இறக்கு" என்றேன்.

பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித்தான் நாங்கள் கீழே எதையும் கொடுப்போம், வாங்குவோம். இன்ஷிரா கூடையைக் கடை வாசலுக்கு நேராக இறக்கினாள். சாயங்கால அசர் தொழுகை முடிந்து சந்தில் எல்லோரும் இருந்தார்கள். ஷவ்கி தேநீர்த் தட்டோடு நின்றான், ஃபர்காலி காப்பிக்கடை நாற்காலியில் இருந்தார். வெகுநேரம் கூடை அப்படியே தொங்கியது. பிறகு கதவுக்கடியிலிருந்து ஷஹாத்தா குனிந்து வெளியே வந்தார். கிண்ணத்தை எடுக்கவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"மேல இழு! இதை என்னால தின்ன முடியாது!"

இன்ஷிரா பால்கனிக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன், அபூ ஹிலால்?"

"ஏனா? சட்டியில நெய் இல்ல, டின்னுல நெய் இல்ல. நாலு மாசமா நான் தின்னது உன் மூச்சைத்தான். அது இல்லாம கொடுத்தா எப்படி இறங்கும்?"

இன்ஷிராவுக்கு ஒரு நொடி புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. முதுகில் ஒரு இடி இடித்தேன். "திடுக்கிடுடி!" என்றேன்.

நட்டநடுச் சந்துக்கு மேலே, பால்கனியில் நின்றுகொண்டு, அடுப்பும் இல்லாமல் சட்டியும் இல்லாமல் இன்ஷிரா திடுக்கிட்டாள். "ஹா!" புறாக்கள் எழுந்து பறந்தன. சந்து மொத்தமும் குலுங்கிச் சிரித்தது, கடை வாசல்படியில் உட்கார்ந்து ஷஹாத்தா கிண்ணத்தை வழித்துத் தின்றார். தின்று முடித்ததும் ஃபர்காலியைப் பார்த்து, "நான் சொன்ன நெய்க் கதையை மறந்துடு, தம்பி. உன் பெண்டாட்டி உன்னை ஏமாத்தினா கேள்வி கேக்காம ஏமாந்துக்கோ" என்றார். ஃபர்காலி மெதுவாகத் தலையைத் தூக்கி, பால்கனியில் நின்ற என்னைப் பார்த்தார். அது தனிக் கதை.

கல்யாணத்தன்று கடை வாசலில் மேளம் காதைப் பிளந்தது. ஹிலால் நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தான், முகமெல்லாம் சோப்பு நுரை. பெண்கள் நாங்கள் வாசலை அடைத்து நின்றோம். ஷஹாத்தா கத்தியைத் தோல் வாரில் தீட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல், கண்ணைச் சுருக்காமல் பார்த்தார். மகனின் முகவாயை ஒரு விரலால் உயர்த்திக் கத்தியைத் தொண்டையில் வைத்தார். மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான்.

"ஹா!"

இன்ஷிராதான். அவளையறியாமல் வந்துவிட்டது. கடையே அதிர்ந்தது. ஹிலால் துள்ளினான். ஷஹாத்தாவின் கை மட்டும் இம்மியும் அசையவில்லை. கத்தியை மெல்ல எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"அடியே, அதைப் பானைக்கு வச்சுக்கோ! பையன் கழுத்துல என்ன பூண்டா கொட்டறேன்?"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அவர் மறுபடி குனிந்து, காதிலிருந்து முகவாய்வரை ஒரே இழுப்பாக இழுத்தார், பிறகு அடுத்த பக்கம். துண்டால் ஒற்றினார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். ஹிலாலின் முகத்தில் ஒரு கீறல் இல்லை.

இன்ஷிரா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.